பழைய காந்தத்திலிருந்து நியோடிமியம்: 1,500 கோடி ரூபாய் மறுசுழற்சித் திட்டத்தில் மானியம் யாருக்கு?

2025 செப்டம்பர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் இது. 2030-31 நிதியாண்டு வரை நடக்கும். மின்கழிவு, லித்தியம் பேட்டரிக் கழிவு போன்றவற்றிலிருந்து முக்கியக் கனிமங்களை உண்மையிலேயே பிரித்தெடுக்கும் ஆலைக்குத்தான் பணம். பேட்டரியை அரைத்துக் கறுப்புப் பொடியாக்குவதோடு நிறுத்திக்கொள்பவருக்குக் கிடையாது.

இயந்திரம், தளவாடம், அவை சார்ந்த வசதிகளுக்கான முதலீட்டில் 20% மானியம். தகுதியான செலவு 10 கோடி என்றால் 2 கோடி. குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் விகிதம் குறையும். இயக்கச் செலவு மானியம் தனி: 2025-26ஐவிட விற்பனை குறித்த அளவு கூடியிருந்தால் 40% இரண்டாம் ஆண்டிலும் மீதி 60% ஐந்தாம் ஆண்டிலும் வரும். மொத்த உச்சவரம்பு பெரிய நிறுவனத்துக்கு 50 கோடி, சிறியதற்கு 25 கோடி. அதற்குள் இயக்க மானியம் முறையே 10, 5 கோடியைத் தாண்டாது. ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு.

விற்கிற தரத்தில் நியோடிமியம் ஆக்சைடு வராவிட்டால் இரண்டாவது மானியம் ஏட்டுச் சுரைக்காய்தான். அதனால் வேதிமுறையை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஹார்டு டிஸ்க் காந்தத்தில் அருமண் (நியோடிமியம் போன்ற உலோகங்கள்) சுமார் 30%. மீதியில் பெரும்பகுதி இரும்பு. அப்படியே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் இரும்பும் சேர்ந்து கரையும். அமிலம் வீணாகும், தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளியேறும், கடைசியில் இரும்புச் சேறுதான் மிஞ்சும். காந்தத்தை முதலில் காற்றில் வறுத்து இரும்பை ஆக்சைடாக்கிவிட்டு, நீர்த்த அமிலத்தில் அருமண்ணை மட்டும் கரைப்பது மேல். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் உருவாக்கிய முறையில் அமிலத்துக்குப் பதில் செப்பு உப்புக் கரைசல். அமிலப் புகைத் தொல்லை இல்லை. காந்தம் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றாமல் போட்டால் மட்டும் செப்பு உப்பு அதற்கே செலவாகிவிடும்.

கரைசலில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் அருமண் வீழ்படியும்; அதைச் சுட்டால் ஆக்சைடு. பலர் சறுக்குவது தண்ணீரில். போர் தண்ணீரின் கால்சியமும் ஆக்சலேட்டாகப் படிந்து தரத்தைக் கெடுக்கும். உப்பு நீக்கிய நீர்தான் வேண்டும். காந்தப் பொடி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கலாம் என்பதால் காற்றில் உலர அரைக்கக் கூடாது. நைட்ரஜனில் அரைக்கலாம், அல்லது ஈரமாக.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவு, பிறகு இயக்குவதற்கான இசைவு என இரண்டும் வேண்டும். மின்கழிவைக் கையாள 2022 விதிகளின்படி மத்திய வாரியத் தளத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவும் வேண்டும். கழிவமிலம் அதிகம் வரும் செயல்முறைக்கு இசைவு தாமதமானால், அந்த 20 சதவீதமும் தேயும்.