வடிய வழியில்லாத தண்ணீர்

குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு எட்டு நாள் காத்துக் கிடந்தோம். ஐப்பசி மாதம். வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிண்டிவிட வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் தராசுக்குப் போகாது. அப்பா ராத்திரியும் குவியலை விட்டு நகரவில்லை. ஆறாம் நாள் தலை சுற்றுகிறது என்றார். சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்தபோது மேல் அளவு 170. “தூங்குறீங்களாய்யா?” என்று நர்ஸ் கேட்டார். “கண்ணை மூடுனா மழை பெய்யுதும்மா” என்றார் அப்பா.

அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. வெளியே சொட்டு மழை இல்லை. ஆனாலும் அவருடைய இதயமும் ரத்தக் குழாய்களும் மழையில்தான் இருந்தன. கல்லூரியில் உடலியல் பாடம் எடுக்கிற எனக்கு, மன அழுத்தம் என்றாலே இன்றைக்கும் அந்தப் பதில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நமக்கு வாய்க்கால் தெரியும், வடிகாலும் தெரியும். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் மேட்டூரில் எத்தனை அடி என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. வடிகாலைப் பற்றி அப்படி யாரும் விசாரிப்பதில்லை. கார்த்திகை அடைமழையில் நடவுப் பயிர் அழுகிப்போகும்போதுதான் அதன் நினைப்பே வரும். பயிருக்குத் தண்ணீர் வேண்டும்தான். நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிய வடிகாலில் அது நாலைந்து நாள் போக்கிடம் இல்லாமல் நின்றுவிடுவதுதான் பயிரைக் கொல்கிறது. உடம்புக்குள்ளும் இதே கணக்குத்தான்.

ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் இரண்டு மதகுகள் திறக்கின்றன. முதலாவது நரம்பு வழியாகப் போகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி, நொடிகளில் அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைக்குக் கூடுகிறது. வரப்பில் பாம்பைப் பார்த்தால் யோசிக்கும் முன்னே கால் பின்வாங்குகிறதே, அது இந்த முதல் மதகின் வேலை. அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும்.

இரண்டாவது மதகு மெதுவானது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆள் அனுப்பும், பிட்யூட்டரி ரத்தத்தின் வழியே அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சேதி சொல்லும், அங்கிருந்து கார்டிசால் சுரக்கும். அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். கல்லீரலில் இருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது, அழற்சியை அடக்குகிறது, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க உடம்பைத் தயார் செய்கிறது. கார்டிசாலைக் கெட்ட ஹார்மோன் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அது சுத்தமாகச் சுரக்காமல் போனால் சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இதில் அழகான பகுதி, மூடுகிற ஏற்பாடு. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்ததும் மதகைக் கவனிக்கும் பணியாளரான லஸ்கர் ஷட்டரை இறக்குவார் அல்லவா, அதுபோல ரத்தத்தில் ஏறிய கார்டிசால் தானே மூளைக்குத் திரும்பி, ஹைப்போதாலமஸையும் பிட்யூட்டரியையும் தொட்டு, போதும் நிறுத்து என்கிறது. நினைவுகளைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் கார்டிசாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். 1968இல் புரூஸ் மெக்ஈவன் எலிகளில் இதைக் கண்டுபிடித்தார். ஆக, திறந்துவிட்ட தண்ணீரே மதகை மூடவும் சொல்கிறது.

சரி, பிறகு ஏன் அப்பாவுக்கு மூடவில்லை? பாம்பு போய்விடும். நெல் குவியல் போகாது. வரப்போகும் மழை, கட்ட வேண்டிய கூட்டுறவுக் கடன், தராசு எப்போது வரும் என்கிற கேள்வி, இவை கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டாலும் நினைத்த மாத்திரத்தில் மூளை அதே மதகைத் திறக்கும். நினைப்பை நிறுத்தினால்தானே ஷட்டர் இறங்கும்! “மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு” என்று நம் ஊரில் சொல்வது மிகச் சரியான சொல். நாள்கணக்கில் இப்படி ஓடினால், மூடச் சொல்லும் சேதியைக் கேட்கிற ஏற்பிகளே மந்தமாகின்றன. கார்டிசால் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே காது கேட்பதில்லை.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே இதன் விளைவை எலிகளில் பார்த்தார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, பல வகை மருந்து என்று துன்பம் எதுவானாலும் எலியின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள் வந்தன. அட்ரினல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. மனிதருக்கும் நீண்ட நாள் அழுத்தம் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எல்லாமே கெடுகின்றன. தேங்கிய தண்ணீர் வேரை அழுக வைப்பதுபோல, எலியின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் குட்டையாகின்றன. ஆனால் அழுத்தம் நின்று சில வாரங்கள் ஆனதும் அவற்றில் பெரும்பகுதி மறுபடி துளிர்க்கிறது. இந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். தண்ணீர் வடிந்த வயலில் பயிர் பச்சை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

இனி வடிகாலுக்கு வருகிறேன். நம் விருப்பத்துக்கு நேரடியாகக் கட்டுப்படும் வடிகால் ஒன்றே ஒன்றுதான், மூச்சு. இதயத் துடிப்பை நினைத்தபடி குறைக்க முடியாது. குடலுக்கு உத்தரவு போட முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். மூளைத்தண்டில் இருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகிற வேகஸ் நரம்புக்கு இந்த வழியாகத்தான் நம் கை எட்டுகிறது.

வேகஸ் இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சொட்டுகிறது என்று தெரிந்தது. அது அசிட்டைல்கோலின். நம் இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று இருப்பதற்குக் காரணம் வேகஸ் எப்போதும் கடிவாளத்தைப் பிடித்திருப்பதுதான்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இந்தப் பிடி தளரும், விடும்போது இறுகும். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கையில் துடிப்பு நெருங்கி வரும், விடுகையில் விலகும். இளைஞர்களின் நாடியில் இது நன்றாகவே புலப்படும், வயதானால் மங்கும். ஆகவே நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் வேகஸுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

இப்படி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. அந்த எண்ணுக்கும் காரணம் உண்டு. கழுத்துத் தமனியில் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சொல்லி இதயத்தை மட்டுப்படுத்தும். இந்தச் சேதி போய்த் திரும்பிக் காரியம் நடப்பதில் சில நொடி தாமதம் உண்டு. அதனால் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏறக்குறைய 10 நொடித் தாளம் அமைந்துவிட்டது. மூச்சும் அதே 10 நொடியில் வந்தால், ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்து இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். லத்தீனில் ஜபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு வந்தது. வேளாங்கண்ணியில் மாலை நேரத்தில் ஜபமாலை கேட்டவர்களுக்குத் தெரியும், முதல் பாதியை ஒருவர் சொல்ல மறுபாதியைக் கூட்டம் சொல்லும். தன் முறை வரும்வரை மூச்சுக்கு அவகாசம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நாகப்பட்டினத்தில், ராஜராஜன் காலத்தில் எழும்பிய சூடாமணி விகாரத்துப் பிக்குகளும் சூத்திரங்களை ஓதியிருப்பார்கள். நம்பிக்கை எதுவானாலும், நம்பிக்கையே இல்லாவிட்டாலும், நுரையீரலுக்கு இந்தத் தாளம் பொருந்துகிறது.

தூக்கம் அடுத்த வடிகால். கார்டிசாலுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. கண் விழித்த முக்கால் மணிக்குள் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். முன்னிரவின் ஆழ்ந்த தூக்கம் அதை அடக்கிவைக்கிறது. பின்னிரவில் அது மறுபடி ஏறத் தொடங்கும்போது தூக்கமும் மேலோட்டமாகிவிடுகிறது. கவலைக்காரர்கள் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உருளுவது பெரும்பாலும் இந்த மேலோட்டமான நேரத்தில்தான். ஓர் இரவு தூக்கம் கெட்டால் மறுநாள் சாயங்காலம் கார்டிசால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. அப்புறம் அந்த இரவும் கெடுகிறது. ஆகவே விழித்த நேரத்தில் எழுந்து செல்போனைப் பார்ப்பதைவிட, படுத்தபடி மூச்சை எண்ணுவது மேல்.

காபி விஷயம் கும்பகோணத்துக்காரர்களுக்குப் பிடிக்காது, எனக்கும்தான் பிடிக்காது. நாள் முழுக்க மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிற அடினோசினின் இடத்தில் காபியில் உள்ள காஃபின் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த டிகிரி காபியின் பாதி, 10 மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கிறது. பித்தளை டபராவை மூன்று மணிக்கு முன்பே கழுவிக் கவிழ்த்துவிட்டேன், வேறு வழியில்லை.

நடையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தசைக்காக எடுத்து விட்ட சர்க்கரையைத் தசையே எரிக்கிறது, நடந்த பிறகு சில மணி நேரம் ரத்த அழுத்தம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. ஆற்றங்கரையில் அரை மணி நேரம் போதும்.

இவ்வளவு எழுதியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதனும் இன்னும் இருவரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும், அறுவடைப் பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். பணம் வருவதற்கு முன் தேர்ச்சி குறைவாக இருந்தது. ஆள் மாறவில்லை, பருவம்தான் மாறியது. மேலே மதகு உடைந்திருந்தால் கீழே வடிகாலை மட்டும் தூர் வாரிப் பயனில்லை. நெல்லை நேரத்துக்கு எடைபோடுவதும், பயிர்க் காப்பீடு கைக்கு வந்து சேர்வதும் மருந்துக்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்தால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கூடவே ஆள் இருப்பது ஒரு வடிகால். 2006இல் ஜேம்ஸ் கோன் குழுவினர், மின் அதிர்ச்சிக்குக் காத்திருந்த 16 மணமான பெண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்குப் பதறும் பகுதிகள் அடங்கியிருந்தன. முகமறியாத ஒருவர் கை பிடித்தபோதும் ஓரளவு அடங்கின. இல்லறம் நல்லபடியாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

ஏழாம் நாள் ராத்திரி அம்மா ஃபிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு வந்துவிட்டார். “நான் வானத்தைப் பார்த்துக்கிறேன், நீங்க சாயுங்க” என்றார். அப்பா முதலில் மறுத்தார். பிறகு சாக்கு மூட்டையில் சாய்ந்தவர், பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட ஆரம்பித்தார். இரண்டு மணி வாக்கில் தூறல் போட்டது. நானும் அம்மாவும் சத்தமில்லாமல் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தில் செங்கல்லை வைத்தோம். அவர் விழிக்கவில்லை.