காட்டுமாட்டின் தோளில் உடைந்த குண்டு

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பதினைந்து வயதில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை மலையேறி, ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். 1950களின் தொடக்கம் அது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுவதைச் சட்டம் அப்போது தடுக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், சோலை ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாட்டை எஸ்டேட் துரை ஒருவர் தோளில் சுட்டார். மாடு விழவில்லை. முதுகை ஒரு தடவை குறுக்கிக்கொண்டு சோலைக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் ரத்தத் தடம் பிடித்துப் போனவர்களில் அப்புச்சியும் ஒருவர். பக்கத்து எஸ்டேட் துரை கொண்டுவந்த பழைய துப்பாக்கியின் ஒரே குண்டில் மாடு சாய்ந்தது.

அறுத்துப் பார்த்தபோது, முதல் குண்டு தோள் எலும்பின் மேலேயே ஈயத் துணுக்குகளாகச் சிதறிக் கிடந்ததாம். இரண்டாவது குண்டு உடம்பைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் முழுசாக இருந்ததாம்.

"மொதக் குண்டுக்குத்தான் வேகம் ஜாஸ்தி கண்ணு. ஆனா உள்ள போகலை" என்பார் அப்புச்சி. ராத்திரி முழுக்க அந்த மாடு இருட்டில் வலியோடு நின்றிருக்குமே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். வேகமான குண்டு ஏன் உள்ளே போகவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அது எனக்குள் தங்கிவிட்டது. இயற்பியல் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

முதலில் அந்த மாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். காட்டெருமை என்று பலரும் சொல்வது இதைத்தான். எருமைக்கும் இதற்கும் நேரடி உறவில்லை. நம் ஆனைமலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் உலவும் இந்த மாட்டில், நன்றாக வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோவைத் தொடும். தோளுக்கு மேல் திமில் போலத் தெரிவது முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்ட எலும்பு முட்களும் அவற்றைச் சுற்றிய தசையும். இதயமும் நுரையீரலும் அதற்கு வெகு கீழே, தடித்த தோலுக்கும் கனத்த தோள் எலும்புக்கும் பின்னால் இருக்கின்றன. யானைக்குச் சில இடங்களில் தோலே 2.5 சென்டிமீட்டர் தடிமன். இப்படிப்பட்ட உடம்புக்குள் ஒரு விரல் தண்டியான உலோகத் துண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கேள்வி.

குண்டு பட்டதும் விலங்கு தூக்கி எறியப்படும் என்று சினிமாவைப் பார்த்து நம்புகிறோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. யானைக்கென்றே செய்யப்பட்ட .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பிரிட்டிஷ் தோட்டாவின் குண்டு 32.4 கிராம். நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 7,000 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டையை ஒரு நெட்டைத் தென்னையின் உச்சியிலிருந்து, 14 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம், கீழே போட்டால் வருகிற ஆற்றல் அது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் தள்ளுவதற்கு வேண்டியது உந்தம். எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. அந்தக் குண்டின் உந்தம் முழுவதும் ஆயிரம் கிலோ மாட்டுக்குள் இறங்கினாலும், மாடு நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும், அவ்வளவுதான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே உதையைச் சுட்டவரின் தோளும் வாங்கியாக வேண்டும். வெடிவாயுவின் உதையும் சேருவதால் கொஞ்சம் கூடவே வாங்கும். மாட்டைத் தூக்கி எறியும் குண்டு இருந்தால், சுட்டவரை அதற்கு முன்பே அது தூக்கி எறிந்திருக்கும்.

ஆகவே குண்டு அடித்துத் தள்ளிக் கொல்வதில்லை. மூளைக்கோ இதயத்துக்கோ பெரிய ரத்தக்குழாய்க்கோ போய்ச் சேர்ந்தால்தான் விலங்கு விழும். அங்கே போய்ச் சேர ஆழம் வேண்டும்.

ஆழத்தை எது முடிவு செய்கிறது? பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நட்டுவைத்த பாரையின் முனையில் காயைக் குத்தினால் மட்டைக்குள் சரக்கென்று இறங்குகிறது. அதே காயை அதே பலத்தோடு சுவரில் அறைந்தால் மட்டை நசுங்குகிறதே தவிர எதுவும் உள்ளே போவதில்லை. பலம் ஒன்றுதான், அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதுதான் வேறு. குண்டுக்கும் இதே கணக்கு. குண்டின் எடையை அதன் முகப்பின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் எத்தனை கிராம் நின்று தள்ளுகிறது என்பது தெரியும்.

மூன்று தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன .470 குண்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 28 கிராமுக்குச் சற்று மேல். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த .375 மேக்னத்தின் குண்டு 9.5 மில்லிமீட்டர் விட்டம், 19.4 கிராம் எடை; வகுத்தால் 27. மூன்றாவது 7 மில்லிமீட்டர் மவுசர், ராணுவ வீரர்கள் சுமந்த சாதாரண ரைஃபிளுக்கானது. அதன் 11.3 கிராம் குண்டுக்கும் கிட்டத்தட்ட 28 வருகிறது! ஆற்றலில் .470க்குப் பாதிகூடத் தேறாத தோட்டா அது.

இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கதை விளங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் அவர். அவற்றில் பெரும் பகுதியை இந்த 7 மில்லிமீட்டர் போன்ற சிறிய தோட்டாக்களால்தான் கொன்றார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். அவர் செய்த காரியத்தை என்னால் பாராட்ட முடியாது. சிறிய குண்டும் ஆழம் போகும் என்பதற்கு அவர் சாட்சி, அந்த அளவில் மட்டும் அவரை இங்கே கூப்பிடுகிறேன்.

சரி, முதலில் சுட்ட துரையின் குண்டுக்கும் இதே போன்ற எண்தானே இருந்திருக்கும், அது ஏன் போகவில்லை? துப்பாக்கியை விட்டுக் கிளம்பும்போது இருக்கிற எண், தசைக்குள் போன பிறகும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

வேட்டைக் குண்டுகளில் இரண்டு பெரிய வகை. ஒன்று சாஃப்ட், ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டு, முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். உடம்பில் பட்டதும் முனை காளான் போல விரியும். கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் செய்த விரியும் குண்டுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1899 ஹேக் மாநாடு இவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை போட்டது. இன்னொன்று சாலிட். முனை வரை கெட்டியான உறை, அல்லது குண்டு முழுக்க ஒரே பித்தளை, செம்புக் கட்டி. இது விரியாது.

விரிவதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. 28 ஆக இருந்த எண் 7 ஆகிவிடுகிறது. அதோடு எலும்பில் மோதிப் பாதி ஈயம் உதிர்ந்தால் 3.5. வேகம் கூடக் கூட மோதல் கடுமையாகும், ஈயம் இன்னும் சீக்கிரம் விரியும், சிதறும். துரையின் குண்டுக்கு நேர்ந்தது இதுதான். வேகமே அதை உடைத்தது. பக்கத்து எஸ்டேட் துரையின் துப்பாக்கியிலிருந்து மெதுவாக வந்த சாலிட் குண்டு வடிவம் மாறாமல் தன் 28ஐக் கடைசி வரை காப்பாற்றிக்கொண்டது.

அதற்காகச் சாஃப்ட் குண்டு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. புலி, மான் போன்ற மெல்லிய தோல் விலங்குகளுக்கு வேட்டைக்காரர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஆழத்தைவிட அகலமான காயமே விலங்கைச் சட்டென்று விழச்செய்யும். சாலிட் குண்டு மானின் உடம்பில் ஊசி நுழைந்தது போல ஓட்டை போட்டுவிட்டு வெளியே போய்விடும். கூட்டமாக மேயும் விலங்குகள் என்றால் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். எந்த உடம்புக்கு எந்தக் குண்டு என்பதுதான் தேர்வு.

இதே கணக்கை நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிக்குப் போட்டுப் பார்த்தால் மனசு கனத்துவிடுகிறது. கள்ளத் துப்பாக்கியில் போடுகிற 8 மில்லிமீட்டர் பால்ரஸ் என்னும் இரும்பு உருண்டை ஒன்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிராம்தான் தேறும். உடைந்து சிதறிய துரையின் குண்டுக்கு வந்த எண்ணை ஒட்டியே இதுவும் வருகிறது. பத்தைச் சேர்த்துப் போட்டாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே இறங்குவதால் ஆழம் கூடாது. காட்டுக்கு வெளியே வந்த யானையையோ காட்டுமாட்டையோ இதால் சுட்டால், அது தோலுக்குக் கீழே தங்கிச் சீழ் பிடிக்கும். விலங்கு நாள்கணக்கில் அதோடு அலையும். சோளக்காட்டை இழந்த விவசாயியின் கோபம் எனக்குத் தெரியும், எங்களுக்கும் தோட்டம் உண்டு. ஆனால் அந்தச் சூடு பயிரைக் காப்பதில்லை; வலியால் வெறி பிடித்த ஒரு விலங்கை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சாலிட் குண்டிலும் ஒரு சிக்கல் உண்டு, அது நேராகப் போக வேண்டும். நீளமான குண்டுக்கு எடையின் மையம் பின்னால் இருக்கும், முன்னால் மோதுகிற எதிர்ப்பு அதைக் கவிழ்க்கப் பார்க்கும். காற்றில் கவிழாமல் பிடித்துவைப்பது சுழற்சி. குழலுக்குள் வெட்டிய திருகு வரிகளால் .375 குண்டு நொடிக்கு 2,500 சுற்றுக்குக் குறையாமல் சுழன்றுகொண்டு போகும், பம்பரம் மாதிரி. தசை காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தி. அங்கே அந்தச் சுழற்சி போதாது. கூரான முனை உள்ள குண்டு சீக்கிரமே குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் உழத் தொடங்கும். உருண்டை முனை அதைவிடத் தேவலை. எல்லாவற்றையும்விட நேராகப் போவது தட்டையான முனை! கூராக இருந்தால்தானே உள்ளே போகும் என்று தோன்றுகிறது அல்லவா? தட்டை முனை தன் விளிம்பில் ஈரத் தசையைச் சுற்றிலும் வெளியே வீசி எறிகிறது. குண்டைச் சுற்றி ஒரு வெற்றுக் குழி உருவாகிறது. பக்கங்களில் எதுவும் உரசாததால் கவிழ்க்கும் விசை முனையோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் சாய்ந்தால் குண்டின் வால் அந்தக் குழியின் சுவரில் பட்டு நேராகிவிடும்.

தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கார்டைட் என்ற புகையில்லா மருந்து சூடேறினால் வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். லண்டனில் சரியாக வெடித்த தோட்டா, கோயம்புத்தூர் சித்திரை வெயிலில் கிடந்தால் பித்தளைக் கூடு உப்பிக் குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். பாய்ந்து வரும் விலங்கின் முன்னால் அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் நைட்ரோ எக்ஸ்பிரஸ் கூடுகள் அவ்வளவு நீளம்: இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் தணிந்திருக்கும். தேர்வில் அரசியலும் உண்டு. கலகக்காரர்கள் கையிலிருந்த பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைக்கக் கூடாது என்று 1907இல் பிரிட்டிஷ் அரசு .450 குழல் அளவையே இந்தியாவிலும் சூடானிலும் தடுத்தது. அந்த இடத்தை நிரப்பப் பிறந்தவைதான் .465, .470 எல்லாம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று ஆனைமலையில் யானையை நோக்கி நீளுகிற துப்பாக்கி, பெரும்பாலும் கால்நடை மருத்துவர் கையில் இருக்கும் மயக்க ஊசித் துப்பாக்கிதான். அதிலும் தேர்வு இருக்கிறது, ஆனால் கேள்வி தலைகீழ். ஊசி தோலைத் தாண்டிச் சதைக்குள் போக வேண்டும், அதற்கு மேல் போகக் கூடாது. 20 கிராம் ஊசி நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 36 ஜூல்; .470 குண்டில் இருநூறில் ஒரு பங்குக்கு அருகே. யானை பக்கத்தில் நின்றால் வாயு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், தள்ளி நின்றால் கூட்ட வேண்டும். ஊசியின் ஓட்டை பக்கவாட்டில் இருக்கும், அதை ஒரு சிலிக்கோன் வளையம் மூடியிருக்கும். தோலில் குத்தும்போது வளையம் பின்னால் நழுவ, உள்ளே அடைத்துவைத்த காற்று மருந்தைத் தசைக்குள் தள்ளிவிடும். அதற்குப் பிறகு காத்திருப்புதான்.

2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் சின்னத்தம்பி யானையை இப்படித்தான் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது மலையிறங்கி உடுமலைப் பக்கம் கரும்புக் காடுகளுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடியும் ஊசி போட வேண்டி வந்தது. பிறகு கரோல் என்னும் மரக்கூண்டில் வைத்துப் பழக்கிக் கும்கியாக்கினார்கள்.

உடுமலையில் பிடித்ததை அப்புச்சி டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி பட்ட யானை சத்தமில்லாமல் நின்றது.

"ரொம்ப உள்ள போயிருக்குமா கண்ணு?"

"இல்லீங்கப்புச்சி. தோலைத் தாண்டிச் சதை வரைக்குந்தான். இது அதுக்கு மேல போகக் கூடாதுங்க."

கும்கிகள் இரண்டு பக்கமும் வந்து அணைத்து நிற்கும் வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.