எனாமல் எழுத்து எப்படிக் காய்கிறது?

"கடை வாசலில் வைத்த ஃபிளெக்ஸ் இரண்டு கோடைக்குள் வெளுத்துவிட்டது. பக்கத்துக் கடையில் தாத்தா காலத்தில் தகரத்தில் எழுதிய பெயர் இன்னும் நிற்கிறது. ஏன்?" என்று கேட்டிருக்கிறார் மதுரை வாசகர் ஒருவர்.

ஃபிளெக்ஸின் மை மிக மெல்லிய படலம். கரைப்பான் ஆவியானால் காய்ந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதிலுள்ள மஞ்சளையும் சிவப்பையும் முதலில் சிதைக்கிறது. பழைய பேனர்களில் முகங்கள் நீலம் பாரித்திருப்பது அதனால்தான்.

தகரத்தில் எழுதியது எனாமல் பெயிண்டால். அதிலும் முதலில், பெயிண்டை இளக்கும் டர்பன்டைன் ஆவியாகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் அற்புதம். எனாமலின் பிசினில் ஆளி, சோயா போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இருக்கின்றன. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும். அது கழன்றதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிப் பெராக்சைடாகிறது. பெராக்சைடு உடையும்போது சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு பிணைகிறது. இப்படியே பிணைந்து பிணைந்து எழுத்து முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தாலும் கரையாது. ஆளி எண்ணெயைக் கண்ணாடியில் பூசித் தராசில் வைத்துப் பாருங்கள்: காயக் காய எடை கூடும். ஆக்சிஜனை உண்டு காயும் பொருள் அது!

இதை விரைவுபடுத்தப் பெயிண்டில் துளி கோபால்ட் உப்பு சேர்க்கிறார்கள். பெராக்சைடை உடைப்பது அதன் வேலை. அது இல்லையென்றால் ஒரே இரவில் காய வேண்டியது நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஆனால் கோபால்ட் மேற்பரப்பில்தான் சுறுசுறுப்பு. தடிமனாகப் பூசினால் மேலே பாலாடைபோல் படிந்து, அடியில் ஈரம் நின்று, எழுத்து சுருங்கிவிடும். தேர்ந்த பெயிண்டர் பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்து, மெல்லிய பூச்சாக இழுப்பதும், மறுநாள்தான் ஷேடு கொடுப்பதும் இதனால்தான். பாடம் படிக்காமலே ஆக்சிஜனின் வேகத்தைக் கையில் வைத்திருப்பவர் அவர்.

அந்தக் கைகளுக்கு நாம் செய்தது போதாது. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நெடுங்காலம் நச்சான காரீயக் குரோமேட்தான் பயன்பட்டது. வீட்டுப் பெயிண்டுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே ஃபிளெக்ஸ் வந்து, பலருக்குக் கட்சிச் சுவர் விளம்பரமும் லாரிப் பலகையுமே மிஞ்சின. எலும்பில் ஏறிய காரீயம் பல ஆண்டுகள் தங்கும். மூத்த பெயிண்டர்களின் இரத்தத்தைச் சோதிக்க மாவட்டந்தோறும் இலவச முகாம் நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும். உடல்நலக் கேடு பற்றிய ஐயம் உள்ள கோபால்ட்டுக்கு மாற்றாக மாங்கனீசு, இரும்பு உப்புகளை நம் வெயிலிலும் கடற்காற்றிலும் ஆராயவும் ஒதுக்க வேண்டும்.