எட்டு லட்சம் சி.டி.சி., கையில் எவ்வளவு? எட்-டெக் வேலையில் சேருமுன்

இணையவழியில் பாடம் நடத்தும் எட்-டெக் நிறுவனங்கள் புதிதாகப் பட்டம் பெற்றவர்களைக் கூட்டமாக எடுப்பது பெரும்பாலும் விற்பனைக்குத்தான். ஆஃபர் லெட்டரில் ‘அகாடமிக் கவுன்சிலர்’, ‘பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட்’ என்று இருக்கும். தமிழ் பேசத் தெரிந்தவர்களைப் பெங்களூரு அலுவலகங்கள் தேடி எடுப்பதும் தமிழ்ப் பெற்றோரிடம் பேசி விற்கவே. எனவே என் வேலையை எதை வைத்து அளப்பீர்கள் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டயல், எவ்வளவு டாக் டைம் (போனில் பேசிய நேரம்), வாரத்துக்கு எவ்வளவு வசூல் என்று பதில் வந்தால் அது விற்பனை வேலை. மாலையும் சனி ஞாயிறும்தான் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். உங்கள் வார விடுமுறையும் அதற்கேற்பவே அமையும்.

அடுத்து சம்பளம். சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காக ஓராண்டில் செலவிடுவதாகச் சொல்லும் மொத்தத் தொகை, 8 லட்சம்; அதில் நிலையான தொகை 5 லட்சம், விற்பனையைப் பொறுத்து வரும் இன்சென்டிவ் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பலரும் எட்டைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 66,000 என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற வாடகையில் வீடும் பார்த்துவிடுகிறார்கள். நிலையான தொகை மாதத்துக்கு 41,667 ரூபாய்தான். 15,000 ரூபாய் வரம்பில் பி.எஃப். கட்டும் நிறுவனம் என்றால் உங்கள் பங்கு 1,800, சி.டி.சி.க்குள்ளேயே சேர்த்துவிட்ட நிறுவனப் பங்கு 1,800, அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 1,000, கர்நாடகத் தொழில்வரி 200. இவை போக மிஞ்சுவது 37,000க்கும் சற்றுக் குறைவு. அந்தக் கிராஜுவிட்டியும் சில மாதங்களில் வேலையை விட்டால் கைக்கு வராது.

இன்சென்டிவ் விதிகளைக் கண்டிப்பாக எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் கோர்ஸை ரத்து செய்தாலோ முதல் தவணை பவுன்ஸ் ஆனாலோ, கொடுத்த இன்சென்டிவை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. பயிற்சிக் காலத்தில் ஸ்டைபெண்ட் மட்டுமா, டார்கெட்டை எட்டினால்தான் பணி உறுதியா என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இந்த வேலையில் மனசாட்சி உறுத்தும் இடம் ‘நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.’ பெற்றோர் அதை மாதக் கட்டணம் என்றே நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஒரு வங்கியோ என்.பி.எஃப்.சி. எனப்படும் வங்கி அல்லாத நிதி நிறுவனமோ முழுத் தொகையையும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். பெற்றோர் அந்தக் கடனைத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் அடைக்க வேண்டும். பிள்ளை வகுப்பை விட்டாலும் கடன் நிற்காது. ரீஃபண்ட் தொகை, கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேரும்வரை தவணை ஓடும், தவறினால் பெற்றோரின் சிபில் ஸ்கோர் விழும். தானாகப் பணம் பிடிக்கும் வசதியைத் தவிர்க்கும்படி ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது. போனில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அம்மா, இது கடன். உங்கள் பெயரில் இருக்கும். வட்டி விவரமும், கடனை ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்பதும் கே.எஃப்.எஸ். என்ற கடன் விவரத் தாளில் இருக்கிறது, படித்துவிட்டு ஓ.டி.பி. சொல்லுங்கள்.” இதைச் சொல்லாதே என்று டீம் லீடர் தடுத்தால் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அங்கே வராவிட்டால், நிறுவனத்தின் கையில் காசு இல்லை என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்க்கும் தளத்தில் புகார் பதியலாம். சம்பளத்தில் வருமான வரி (டி.டி.எஸ்.) பிடித்திருந்தால் அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

நாட்டின் மிகப் பெரிய எட்-டெக் நிறுவனமாக இருந்த பைஜூஸே 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அப்படி நேர்ந்தால் பாக்கிச் சம்பளம் தானாக வராது. திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வாளரிடம் ‘ஃபார்ம் டி’ என்ற ஊழியர் கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்து நீங்களே கோர வேண்டும். கடைசித் தேதி பொது அறிவிப்பில் இருக்கும். அதற்கு ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், இன்சென்டிவ் மெயில்கள் எல்லாம் தேவை. அலுவலக மெயிலை ஒரே நாளில் முடக்கிவிடுவார்கள். சம்பளச் சீட்டு வரும் அன்றே உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.