கம்பளிப்பூச்சி கண்ணில் பட்டால் கசக்காதீர்கள்

மழை பிடித்துவிட்டால் போதும், வடசென்னையின் வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கமிருந்து எங்கள் கண் கிளினிக்குக்கு ஒரே புகார்தான். முருங்கை மரத்தடியில் நின்ற குழந்தை மேல் கம்பளிப்பூச்சி விழுந்தது, கண் சிவந்து நீர் கொட்டுகிறது. போன வாரம் ஒரு சிறுமியை நாலு நாள் கழித்துக் கூட்டி வந்தார்கள். "அதான் பூச்சியைத் தட்டிவிட்டுட்டோமே டாக்டர்" என்றார் பாட்டி.

பூச்சி போனது, முடி போகவில்லை! அது கடிக்கவே இல்லை பாட்டி. அதன் முடி உதிர்ந்து கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. செத்த பூச்சியின் முடியும், அது உரித்துப் போட்ட தோலின் முடியும்கூட இதே வேலையைச் செய்யும். முடியிலுள்ள நுண்ணிய முட்கள் தூண்டில் முள் போல: உள்ளே போகும், திரும்பி வராது. கசக்கக் கசக்க நீங்களே அதை ஆழமாகத் தள்ளுகிறீர்கள். கருவிழியைத் தாண்டிவிட்டால் மாதக்கணக்கில் அழற்சி இருக்கும், பார்வையே கெடலாம்.

அந்தச் சிறுமிக்குக் கீறலைக் காட்டும் சாயம் விட்டுப் பார்த்தபோது கருவிழியில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள். மேல் இமையைப் புரட்டினால், உட்புறத்தில் முடி குத்தி நிற்கிறது. சிமிட்டும்போதெல்லாம் கீறியிருக்கிறது. (இளம் மருத்துவர்களே, இப்படிக் கோடு தெரிந்தால் இமையைப் புரட்டாமல் அனுப்பிவிடாதீர்கள்.)

தாய்ப்பால் விடாதீர்கள். விளக்கெண்ணெய் வேண்டாம். முந்தானையை ஊதி ஒற்றவும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். முடி உள்ளேயே இருக்கும். சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் வாருங்கள். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நாலு நாள் ஏன் காத்திருக்க வேண்டும்?

அப்புறம், மரத்தை வெட்டாதீர்கள். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் பழுப்பு மஞ்சள் அந்துப்பூச்சிதான் முருங்கையில் கொத்தாக முட்டையிடுகிறது. முட்டை தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளிவிடுங்கள். அதிலிருந்து வரும் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கும்பலாக இருக்கும். தோப்பில் தீப்பந்தம் காட்டுவார்கள். நம் நெருக்கமான சந்துகளில் அது வேண்டாம், முடி காற்றில் பறக்கும். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்துத் தெளியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. மரத்தடியில் துணி காயப் போடாதீர்கள்.

தயவுசெய்து இன்னொன்று. பூச்சி விழுந்த சட்டையைக் குழந்தையின் தலை வழியாகக் கழற்றாதீர்கள், முடியெல்லாம் முகத்தில் தேய்ந்து வரும். பொத்தான் இல்லையென்றால் கத்தரித்தே எடுத்துவிடுங்கள்.