நெறி கட்டியிருக்கா? பத்து போடுறதுக்கு முன்னாடி கையை வச்சுப் பாருங்க

பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அங்கிள் பினாங்குப் பாலம் தாண்டி நாயைக் கூட்டிட்டு கிளினிக்குக்கு வந்தாரு. நாய் பேரு ஜிம்மி, எட்டு வயசு. தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் முடியெல்லாம் மஞ்சளா காஞ்சு போய் ஒட்டியிருந்துச்சு. என்ன அங்கிள் இதுன்னு கேட்டேன். "நெறி கட்டியிருக்கு டாக்டர், மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு பத்து போட்டோம், மூணு வாரமாச்சு, வத்தவே மாட்டேங்குது"ன்னாரு. சாப்பாடு எப்படின்னு கேட்டா நல்லா சாப்பிடுறான், ஓடுறான், குரைக்கிறான், ஒண்ணும் குறையில்லங்கிறாரு. நாயும் என் கையை நக்கிட்டு வாலாட்டிட்டுத்தான் நிக்குது.

தாடையைத் தொட்டேன், லிமாவ் கஸ்தூரி, அதான் அந்தச் சின்ன எலுமிச்சை, அந்த சைஸுக்கு ரெண்டு கட்டி, அமுக்கினா ரப்பர் பந்து மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா நாய்க்கு வலியே இல்ல. அப்படியே கையை தோள்பட்டைக்கு முன்னாடி கொண்டு போனேன், அங்கேயும் ரெண்டு. பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி, அங்கேயும் ரெண்டு. அங்கிளோட கையைப் பிடிச்சு அந்த முட்டிக்குப் பின்னாடி வச்சேன், அவரு முகமே மாறிடுச்சு. மூணு வாரமா தாடையை மட்டுமே பாத்துட்டு இருந்திருக்காங்க.

அங்கிள் சொன்ன வார்த்தை சரிதான், அதுல தப்பில்ல. நெறி கட்டுறதுன்னு நம்ம ஆளுங்க சொல்றது இந்த நிணநீர்க் கணு வீங்குறதைத்தான். கால்ல முள்ளு குத்தி புண்ணானா தொடை இடுக்குல நெறி கட்டும்னு தோட்டத்துல இருந்த பாட்டிங்களுக்கெல்லாம் தெரியும், எந்த இடத்துல புண்ணுன்னா எந்த இடத்துல வீங்கும்னு கரெக்டா சொல்லுவாங்க. நாங்க காலேஜ்ல படிச்சதும் அதேதான், கொஞ்சம் விவரமா.

ரத்தக்குழாய்ல இருந்து எப்பவும் கொஞ்சம் தண்ணி சதைக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும், அதுல திரும்பிப் போகாம மிச்சம் நிக்கிறதை எடுத்துட்டுப் போறதுக்கு தனியா ஒரு மெல்லிய குழாய் வலை உடம்பு முழுக்க ஓடுது, அதுல போறதுதான் நிணநீர். ரத்தத்துக்கு இருக்கிற மாதிரி இதுக்குன்னு ஒரு இதயம் கிடையாது, அந்தக் குழாயே கொஞ்சம் சுருங்கி விரியும், அதோட சதை அசையுறதுலயும் மூச்சு விடுறதுலயும்தான் அது நகரும், பின்னாடி வராம இருக்க உள்ளுக்குள்ள வால்வு இருக்கு. கடைசியா நெஞ்சுக்கிட்ட போய் ரத்தத்தோட சேர்ந்திடும். போற வழியில அங்கங்க இருக்கிற சோதனைச் சாவடிதான் இந்த நெறி. அந்தப் பகுதியில நுழைஞ்ச கிருமி ஒண்ணு மாட்டுச்சுன்னா அதை அடையாளம் தெரிஞ்ச வெள்ளை அணுக்கள் அங்கேயே ஒண்ணு பத்தாகி பத்து ஆயிரமாகும், அதனாலதான் வீக்கம். அதாவது பல நேரத்துல வீக்கங்கிறது உடம்பு வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம், அதை பத்து போட்டு வத்த வைக்கிறதுல அர்த்தமே இல்ல. எதுக்காக வீங்குச்சுன்னுதான் தேடணும்.

இந்தக் குழாயெல்லாம் இருக்குன்னு மனுஷனுக்குக் காட்டிக் குடுத்ததே ஒரு நாய்தான். 1622ல இத்தாலியில மிலான்ல கஸ்பரே அசெல்லின்னு ஒரு டாக்டர், நல்லா சாப்பிட்டிருந்த ஒரு நாயோட வயித்தைத் திறந்தப்போ குடல் சவ்வுல வெள்ளை வெள்ளையா நூலு மாதிரி ஓடுறதைப் பாத்தாரு, முதல்ல நரம்புன்னு நெனச்சுட்டாரு, வெட்டினா பாலு மாதிரி வடிஞ்சுச்சு. அந்த நாயை நெனச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கனக்கும். கோழிக்கும் இதுல பங்கு இருக்கு, கோழியோட பின்பக்கம் இருக்கிற பர்சாங்கிற பையை எடுத்துட்டா அதுக்கு கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடி உருவாகலன்னு 1956ல வெளியான ஆய்வு காட்டுச்சு, ஆன்டிபாடி செய்யுற வெள்ளை அணுவை டாக்டருங்க பி செல்னு சொல்றாங்களே, அந்த பி இந்தப் பையோட பேருலருந்து வந்ததுதான்.

சரி, எங்க தொட்டுப் பாக்கணும். தாடை எலும்பு முடியுற மூலையில ஒண்ணு, தோள்பட்டைக்கு முன்னாடி கழுத்து சேருற இடத்துல ஒண்ணு, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாடி ஒண்ணு, எல்லாமே ரெண்டு பக்கமும். புதுசா பழகுறவங்களுக்கு முட்டிதான் ஈஸி. நல்லா இருக்கிற நாய்க்கு பட்டாணியில இருந்து மொச்சைக்கொட்டை வரைக்கும் இருக்கும், நாயோட சைஸைப் பொறுத்து. பூனைக்கு இன்னும் சின்னது, பல பூனைக்கு கையில சிக்கவே சிக்காது. தாடையில மட்டும் ஒரு விஷயம், நெறிக்குப் பின்னாடியே எச்சில் சுரப்பி கொஞ்சம் பெருசா மெதுமெதுன்னு இருக்கும், அதைத் தொட்டுட்டு கேன்சர்னு பயந்து அழுதுட்டு வந்தவங்க உண்டு.

ஒரே இடத்துல மட்டும் வீங்கியிருந்தா அந்தப் பக்கத்துல தேடுங்க. தாடைன்னா வாயைத் திறந்து பல்லைப் பாருங்க, பல்லும் ஈறும் கெட்டுப் போயிருக்கிறதுதான் பல நேரம் காரணம். எல்லா இடத்துலயும் சேர்ந்து வீங்கியிருந்தா அன்னைக்கே கிளம்பி வாங்க. நம்ம ஊர்ல இதுக்கு அடிக்கடி பாக்குற காரணம் உண்ணிக் காய்ச்சல். பினாங்கு வெயிலுக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். எர்லிக்கியான்னு அந்தக் கிருமி, கிருமியை முழுங்க வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளயே போய் குடியிருக்கும். முதல்ல காய்ச்சல், நெறி வீக்கம், அப்புறம் தானா சரியான மாதிரி பல மாசம் இருந்துட்டு திடீர்னு ஒரு நாள் மூக்குல ரத்தம் வரும், ஈறு வெளுத்துப் போயிருக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்குக் குடுப்போம், ஒரு வாரத்துல நாய் எழுந்து சாப்பிட்டதும் நிறுத்திடுறாங்க, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. உண்ணியும் நாய் மேல மட்டும் இருக்காது, குடிச்சு முடிச்சதும் இறங்கி சுவத்து வெடிப்புலயும் சோபா இடுக்குலயும் போய் உக்காந்திருக்கும், வீட்டையும் பாக்கணும்.

ஜிம்மிக்கு உண்ணிக் காய்ச்சல் இல்ல. ஊசியால நெறியில குத்தி கொஞ்சம் எடுத்து கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தேன், லிம்ஃபோமா. காவல் இருக்க வேண்டிய அணுவே கேன்சர் ஆகிடுறது. இதுல கொடுமை என்னன்னா நாய் ரொம்ப நாளைக்கு நல்லாவே இருக்கும், வலியும் இருக்காது, அதனால யாரும் அவசரப்பட மாட்டாங்க. வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களான்னு கேட்டதுக்கு அங்கிள் தயங்கித் தயங்கி சொன்னாரு, வீட்ல ஒருத்தருக்கு ஆஸ்துமாவுக்குக் குடுத்த பிரட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் இருந்துச்சாம், அதுல பாதி பாதியா குடுத்தாங்களாம், ஒரு வாரம் வீக்கம் நல்லா இறங்குச்சாம். இறங்கத்தான் செய்யும், ஸ்டீராய்டு அந்த அணுக்களைக் கொல்லும், ஆனா மொத்தமா இல்ல, மிச்சம் நிக்கிறது மருந்துக்குப் பழகிப் போன அணு, அப்புறம் கீமோ குடுத்தாலும் சரியா கேக்காது, டெஸ்ட்ல என்ன நோய்னு கண்டுபிடிக்கிறதும் கஷ்டமாகிடும். அன்புல செஞ்சதுதான், அவரைத் திட்ட எனக்கு வாய் வரல. ஆனா இதைப் படிக்கிற நீங்க மனுஷ மாத்திரையை ஒரு துண்டுகூட குடுக்காதீங்க.

பல மருந்து சேர்த்துக் குடுக்குற கீமோவுல நிறைய நாய்ங்க சுமாரா ஒரு வருஷம் நல்லா இருக்கும், பெரும்பாலும் குணமாகாது. ஒண்ணுமே செய்யலன்னா பொதுவா ஒண்ணு ரெண்டு மாசந்தான். அங்கிள் வீட்லயே வச்சுப் பாத்துக்கிறேன்னு சொன்னாரு. ஜிம்மி ஏழு வாரம் இருந்துச்சு.

பூனை வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். ஆயர் ஈத்தாம் பக்கம் தெருப்பூனைங்களுக்கு சாப்பாடு வைக்கிற ஒரு ஆன்ட்டி, மூக்கு மேல ஆறாத புண்ணோட ஒரு பூனையைக் கொண்டு வந்தாங்க. பூனையைப் பிடிச்சிருந்த அவங்க கையைப் பாத்தா விரல்ல ஒரு புண்ணு, அங்கிருந்து முழங்கை வரைக்கும் ஒண்ணு ஒண்ணா கொப்புளம், பூ கோத்து வச்ச மாதிரி வரிசையா. ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஆறலையாம். அந்த வரிசைதான் நிணநீர் போற பாதை, கிருமி அதே பாதையில ஏறியிருக்கு. இது ஸ்போரோட்ரைக்கோசிஸ்னு ஒரு பூஞ்சை நோய், மலேசியாவுல பூனை கீறி மனுஷங்களுக்கு வர்றது ஏற்கெனவே பதிவான விஷயம். ஆன்டிபயாடிக் இதுக்கு வேலை செய்யாது, பூஞ்சை மருந்துதான் வேணும், மாசக்கணக்குல. "டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே பூனை கீறுச்சுன்னு சொல்லுங்க ஆன்ட்டி"ன்னு எழுதியே குடுத்து அனுப்பினேன். ஆன்ட்டிக்கு இப்ப ஆறிடுச்சு, பூனைக்கு இன்னும் மருந்து ஓடுது. முகத்துல புண்ணு இருக்கிற பூனையைத் தொட கையுறை போடுங்க. பயந்துபோய் பாசார்ல, சந்தையில கொண்டு விட்டுடாதீங்க, அது அங்க இருக்கிற மத்த பூனையோட சண்டை போட்டு எல்லாத்துக்கும் குடுத்துடும்.

போன வாரம் அங்கிள் திரும்ப வந்தாரு, மடியில எட்டு வாரக் குட்டி ஒண்ணு. வித்தவங்க ஒரு தடுப்பூசி போட்டாச்சு போதும்னு சொல்லிட்டாங்களாம். போதாது. குட்டிக்கு ஆரம்பத்துல இருக்கிற எதிர்ப்பு சக்தி முக்காவாசி அம்மாவோட சீம்பால்ல இருந்து முதல் நாள்ல வந்தது, அந்த ஆன்டிபாடி இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையும் அது எதிர்த்து வீணாக்கிடும், அது எந்த வாரம் தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடுறோம். நடுவுல விட்டீங்கன்னா பார்வோங்கிற வைரஸ் உள்ள நுழைஞ்சு குடலுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த நெறியைத்தான் முதல்ல அழிக்கும். ஊசியெல்லாம் முடியுற வரைக்கும் தெருவுல மத்த நாய் நடமாடுற இடத்துல இறக்கி விடாதீங்கன்னு சொன்னேன்.

ஊசி போட்டு முடிச்சதும் அங்கிள் குட்டியைத் திருப்பி, யாரும் சொல்லாமலேயே முட்டிக்குப் பின்னாடி விரலை வச்சுத் தடவினாரு. சின்னதா உருளுது டாக்டர், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னாரு. சரியா இருக்கு அங்கிள், ஊசி போட்ட பக்கம் தோள்கிட்ட கொஞ்ச நாளைக்கு லேசா பெருசாகலாம், பயப்படாதீங்க, ரெண்டு வாரத்துல இறங்கலன்னா கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அட்டையில அடுத்த தேதியை எழுதிக் குடுத்தேன்.