கட்டடத்துக்கு ஷட்டர், கார் வெளிச்சத்துக்கு அபெர்ச்சர்

கோலாலம்பூர் நெடுஞ்சாலைகளை இரவில் படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 10 நொடியிலிருந்து 20 நொடிக்கு நீட்டினால் கட்டடங்கள் இரு மடங்கு பளிச்சிடுகின்றன. சாலையில் ஓடும் சிவப்பு, வெள்ளைக் கோடுகள் மட்டும் முன்பிருந்த அதே அளவில்தான் இருக்கின்றன.

ஜன்னல் விளக்கின் ஒளி 20 நொடியும், படத்தைப் பதியும் சென்சாரில் ஒரே புள்ளியில் விழுந்து சேர்ந்துகொண்டே போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரோ நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. அதன் பின்விளக்கு எந்தப் புள்ளியிலும் கண நேரம்கூட நிற்பதில்லை. ஷட்டரை நீட்டினால் கோடு நீளும், வெளிச்சம் கூடாது. 15 நொடியில் அந்தக் கார் 250 மீட்டர் கோடு போட்டுவிடும். விளக்களவு ஒளி இல்லாத காரின் உடல் எங்கும் பதியாமல் மறைந்துபோகிறது.

ஆகவே கோடுகளின் வெளிச்சத்தை அபெர்ச்சரிலும் (லென்சில் ஒளி நுழையும் துளை) ஐ.எஸ்.ஓ.விலும் (சென்சாரின் ஒளியுணர்வு) முடிவு செய்யுங்கள். கட்டடத்தை ஷட்டரால் சரிசெய்யுங்கள். இந்த வரிசையை மாற்றுவதால்தான் பலர் படம் சொதப்புகிறது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 15 நொடியில் தொடங்கலாம். கோடு வெளுத்துப்போனால் துளையைச் சுருக்கி எஃப்/11-க்கு மாறுங்கள். ஒளி பாதியாவதால் கட்டடத்துக்கு 30 நொடி தேவைப்படும். எஃப்/16-ஐத் தாண்டினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறையும். சட்டகத்தைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் 15 நொடி காத்திருக்க வேண்டாம்: ஐ.எஸ்.ஓ. 6400-இல் கால் நொடி, ஐ.எஸ்.ஓ. 100-இல் 16 நொடிக்குச் சமம்.

கம்போங் பாருவையும் கே.எல்.சி.சி. வட்டாரத்தையும் இணைக்கும் சலோமா நடைபாலத்தின் அடியில் கிள்ளான் ஆறும் ஆக்லே நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. சாலையை நேரே பார்த்து நின்றால் இடது பாதியில் சிவப்பு, வலது பாதியில் வெள்ளை. ஆனால் நடைபாலம் எதுவானாலும் ஆள் நடந்தால் அதிரும். ஒரு நொடி அதிர்வு மங்கலான சுவரில் தெரியாது. கார்க் கோட்டிலோ, அந்த நொடியில் கார் கடந்த இடம் நெளிந்துபோய் அப்படியே தெரியும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், 2 நொடி டைமரைப் போடுங்கள், லென்சின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் குறையும் வரை காத்திருப்பதும் அவசியம்.

நேரம் இங்கே மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. 7 மணிக்கும் 7.30-க்கும் இடையே மறைந்து, 20 நிமிடம் சொச்சத்தில் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை போய்விடும். வானத்தின் நீலமும் விளக்குகளும் சமமாக நிற்பது அதையொட்டிய பத்து நிமிடம்தான். சட்டகத்தையும் ஃபோக்கஸையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்து, ஃபோக்கஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு வையுங்கள்.

சூரியன் மறையும் அந்த நேரத்தில் சாலை நெரிசலும் உச்சத்தில் இருக்கும். சிக்னலில் நிற்கும் கார்களின் விளக்கு ஒரே புள்ளியில் குவிந்து வெள்ளைத் திட்டாகிவிடும். பல்ப் முறையில் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை) ஷட்டரைத் திறந்துவைத்து, கார்கள் நிற்கும் நேரமெல்லாம் லென்சைத் தொடாமல் கறுப்பு அட்டையால் மறையுங்கள். பச்சை விழுந்து வண்டிகள் நகர்ந்ததும் அட்டையை எடுங்கள். மறைத்திருந்த நொடிகளைக் கழித்துவிட்டுத்தான் கட்டடத்துக்கான நேரத்தை எண்ண வேண்டும்.